சார்ஜிங் போர்ட், சிம் போர்ட், பாம்பன் போர்ட்: மூன்றும் ஒரே சொல்லா?

தங்கச்சிமடம் மொபைல்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் வாயில் ஒரு நாளைக்கு அதிகம் வருகிற இங்கிலீஷ் சொல் எது என்று கேட்டால் போர்ட் என்றுதான் சொல்ல வேண்டும். கடலுக்குப் போய் வருகிறவர்களின் போன் என்பதால் உப்பு ஏறி, சார்ஜிங் போர்ட் பச்சை பூத்துப்போய்த்தான் முக்கால்வாசி போன் கடைக்கு வருகிறது. அடுத்த ஆள் வந்து சிம்மை வேறு கம்பெனிக்கு போர்ட் பண்ணணும் என்பார், 1900-க்கு மெசேஜ் தட்டிக் கொடுப்பேன். ஐப்பசி பிறந்துவிட்டால் பாம்பன் போர்ட்டில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி ஓடும்.

பத்தாவது படிக்கிற மகள் கேட்கிறாள், சார்ஜ் ஏறுகிற ஓட்டைக்கும் நம்பரை மாற்றுகிற வேலைக்கும் கப்பல் நிற்கிற இடத்துக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது என்று. நியாயமான கேள்வியாகத்தான் தெரிகிறது. கூடவே கடலே இல்லாத மதுரையில் ஏர்போர்ட் இருக்கிறது, அப்புறம் பாஸ்போர்ட், ரிப்போர்ட், சப்போர்ட், ஸ்போர்ட்ஸ், ஸ்டேஷன் போர்ட்டர், இம்போர்ட்டன்ட் கொஸ்டின்... இதெல்லாம் ஒரே குடும்பமா, இல்லை ஸ்பெல்லிங் ஒன்றாக இருப்பதால் நமக்கு அப்படித் தோன்றுகிறதா? தெரிந்தவர்கள் யாராவது தமிழிலேயே சொன்னால் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

வடகடல்

பதில் தெரியாது அண்ணே, இன்னொரு போர்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசைப்படகு எஞ்சினில் காற்று உள்ளே போகிற வழிக்கு இன்டேக் போர்ட், புகை வெளியே வருகிற வழிக்கு எக்ஸாஸ்ட் போர்ட். கரி அடைத்துக்கொண்டால் எஞ்சின் மூச்சு முட்டும், அன்றைக்கு மெக்கானிக் வாயில் வருவதும் அந்த போர்ட்தான், கூடவே வேறு சில சொற்களும், அதை இங்கே எழுத முடியாது.

ராம்நாடு டீச்சர்

தம்பி, உங்கள் கடையிலேயே மூன்று லத்தீன் சொற்கள் இருக்கின்றன.

லத்தீனில் போர்த்துஸ் என்றால் துறைமுகம். போர்த்தா என்றால் வாசல், குறிப்பாகக் கோட்டை வாசல். போர்த்தாரே என்றால் சுமந்துகொண்டு போவது. நேராகவும் பிரெஞ்சு வழியாகவும் இங்கிலீஷுக்குள் வரும்போது மூன்றுக்கும் வால் அறுந்து, எல்லாமே போர்ட் என்ற ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. பாம்பன் போர்ட் என்பது போர்த்துஸ். சார்ஜிங் போர்ட் என்பது போர்த்தா, மின்சாரம் நுழைகிற வாசல். வடகடல் தம்பி சொன்ன எஞ்சின் போர்ட்டும் அதே வாசல்தான். பழைய போர்க்கப்பலில் பீரங்கி நீட்டப் பக்கவாட்டில் வெட்டின ஓட்டையும் போர்ட்தான், கப்பல் ஜன்னலை இன்றைக்கும் போர்ட்ஹோல் என்கிறார்கள். நம் ஊரில் புது வீடு கட்டுகிற எல்லோரும் காருக்கு என்று முன்னால் ஒரு போர்டிகோ இறக்குகிறார்களே, அதுவும் போர்த்தாவின் பிள்ளை, இத்தாலி வழியாக வந்தது. சிம் போர்ட் பண்ணுவது போர்த்தாரே, பழைய நம்பரைத் தூக்கிக்கொண்டு புதுக் கம்பெனிக்குப் போவது.

அப்படியானால் மூன்றும் வேறு வேறு என்று நினைத்துவிடாதீர்கள். லத்தீனுக்கும் முன்னால் இந்த மூன்றுக்கும் பாட்டி ஒருத்தி. லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம், பாரசீகம், ஜெர்மன், இங்கிலீஷ் எல்லாவற்றுக்கும் மூத்த ஒரு மொழி இருந்திருக்கிறது. எழுத்தில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை, பிள்ளை மொழிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டு மீட்டெடுத்ததுதான். அதில் 'பெர்' என்று ஒரு வேர், கடந்து போவது, அக்கரைக்குச் செல்வது என்ற பொருளில். கடக்கிற இடம் வாசல். கடலிலிருந்து கரைக்குக் கடக்கிற இடம் துறைமுகம். ஒரு பொருளைக் கடக்க வைப்பது சுமந்து செல்வது.

மகளுக்குச் சொல்ல இதைவிட எளிய வழி ஒன்று நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் 'கட' என்ற வேரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட, கடத்து, கடவு. கடவு என்றால் வழி, அதிலிருந்துதான் பாஸ்போர்ட்டுக்குக் கடவுச்சீட்டு என்று பெயர் வைத்தோம். கடத்து என்றால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டு சேர். மண்டபம், வேதாளை பக்கம் பேப்பரைத் திறந்தாலே 'கடத்தல்' என்று ஒரு செய்தி இருக்கும், அது எழுத்துக்கு எழுத்து டிரான்ஸ்போர்ட்தான், போலீஸுக்குப் பிடிக்காத டிரான்ஸ்போர்ட். இரண்டு மொழிகளுக்கும் உறவு இல்லை, ஆனாலும் கடப்பது, வழி, தூக்கிச் செல்வது என்ற மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளை விடுவது இங்கேயும் நடந்திருக்கிறது.

ரோமர்களுக்கு இந்த உறவு மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். போர்த்தூனுஸ் என்று ஒரு தெய்வம் வைத்திருந்தார்கள், துறைமுகத்துக்கும் அவரே காவல், கதவுக்கும் சாவிக்கும் அவரே காவல். ஆகஸ்ட் 17 அவருக்குத் திருவிழா. ரோமில் டைபர் ஆற்றங்கரையில் அவர் கோயில் இன்றைக்கும் நிற்கிறது.

மற்றவை வேகமாக: இம்போர்ட் உள்ளே சுமப்பது, எக்ஸ்போர்ட் வெளியே சுமப்பது, டிபோர்ட் நாட்டை விட்டுத் தூக்கி அனுப்புவது. ரிப்போர்ட் என்றால் போய்ப் பார்த்ததைத் திரும்பச் சுமந்து வந்து சொல்வது. சப்போர்ட் என்றால் அடியிலிருந்து தாங்குவது, கரையேற்றின படகுக்கு முட்டுக்கட்டை கொடுக்கிறோமே அதேதான். இம்போர்ட்டன்ட் என்றால் உள்ளே ஏதோ கொண்டுவருகிறது, விளைவு உள்ளது, கனமானது. ஸ்போர்ட் மட்டும் கொஞ்சம் வேஷம் போட்டிருக்கிறது. அது முதலில் டிஸ்போர்ட், பழைய பிரெஞ்சில் மனத்தை வேலையிலிருந்து அப்பால் தூக்கிக்கொண்டு போவது, அதாவது பொழுதுபோக்கு. முன்னால் இருந்த எழுத்து உதிர்ந்து ஸ்போர்ட் ஆனது. விளையாட்டுப் போட்டி என்ற பொருள் பிறகு வந்து ஒட்டினது.

போர்ட்டரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ராமேஸ்வரம் ஸ்டேஷனில் பெட்டி தூக்குகிறவர் போர்த்தாரேயிலிருந்து வந்தவர். இங்கிலாந்தில் கல்லூரி வாசலில் உட்கார்ந்திருக்கும் போர்ட்டர் போர்த்தாவிலிருந்து வந்த வாயில்காப்பவர். பெயர் ஒன்று, வேலை வேறு, வந்த வழியும் வேறு.

சுக்கான்

ஏர்வாடி. சரக்குக் கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவன். டீச்சரம்மா கப்பலின் இடது பக்கத்தை விட்டுவிட்டார், அதுதான் எனக்குப் பிடித்த கதை.

கப்பலில் முன்னால் பார்த்து நின்றால் இடது பக்கம் போர்ட், வலது பக்கம் ஸ்டார்போர்ட். ஸ்டார்போர்டில் நட்சத்திரம் எதுவும் இல்லை. ஸ்டியர் பண்ணுகிற பக்கம், ஸ்டியர்போர்டு. வட ஐரோப்பாவின் பழைய கப்பல்களில் இப்போது இருப்பதுபோல் பின்பக்க நடுவில் சுக்கான் கிடையாது, வலது பக்கத்தில் பெரிய துடுப்பு ஒன்றைக் கட்டி அதை வைத்துத் திருப்புவார்கள், பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள் என்பதால் வலது பக்கம். துறையில் அணையும்போது அந்தப் பக்கத்தைச் சுவரில் சாய்த்தால் துடுப்பு நொறுங்கிவிடும், அதனால் இடது பக்கம்தான் கரையோடு ஒட்டும், அந்தப் பக்கமாகத்தான் சரக்கு ஏறி இறங்கும். ஆக இடது பக்கம் சரக்கு ஏற்றுகிற பக்கம், அதற்கு லார்போர்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள், காற்று அடித்துக் கிழிக்கிறது, பாய் படபடக்கிறது, மேலே இருந்து ஒருவன் கத்துகிறான், லார்போர்டா ஸ்டார்போர்டா? காதில் விழுவது 'ஆர்போர்ட்' மட்டும்தான். அதனால் துறையைத் தொடுகிற பக்கம் என்ற பொருளில் போர்ட் என்ற சொல்லும் பழக்கத்தில் இருந்தது, 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை இனி லார்போர்ட் வேண்டாம், போர்ட் மட்டும்தான் என்று உத்தரவே போட்டுவிட்டது. இரவில் இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை. எந்தப் பக்கம் எந்த நிறம் என்று புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குக் குழம்பும், போர்ட் ஒயின் சிவப்பு என்று சொல்லிக் கொடுப்போம். குடிக்காதவனுக்கும் அந்தச் சிவப்பு மறக்காது. அந்த ஒயினுக்குப் பெயர் வந்ததும் போர்ச்சுகலில் போர்ட்டோ என்ற துறைமுக ஊரிலிருந்துதான். போர்ச்சுகல் என்ற நாட்டுப் பெயரே போர்த்துஸ் காலே என்ற பழைய துறையின் பெயர்.

விமானத்தில் நாம் இடது பக்கமாக ஏறுவதும் கப்பல் பழக்கம் என்பார்கள். விமானக்காரர்கள் கேப்டன், க்ரூ, கேபின், டெக் எல்லாவற்றையும் கப்பலிலிருந்து எடுத்துக்கொண்டபோது போர்ட்டையும் எடுத்துக்கொண்டார்கள். மதுரையில் ஏர்போர்ட் இருப்பதற்கு அதுதான் காரணம், ஆகாயத்துக்குத் துறை.

ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்டார்போர்டின் கடைசியில் இருப்பது வேறு போர்டு, பலகை. கப்பலின் பக்கவாட்டுப் பலகை. பிளாக்போர்டு, கேரம் போர்டு, ஆன் போர்டு எல்லாம் அந்தப் பலகை வீட்டுப் பிள்ளைகள். தமிழில் எழுதும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது, கலந்துவிட வேண்டாம்.

நான் வைத்திருக்கிற பெயர், சுக்கான், அது அரபியிலிருந்து வந்தது. மாலுமியும் அப்படித்தான், முஅல்லிம் என்றால் ஆசிரியர், கடல்வழி தெரிந்தவர். நம் கடற்கரையில் யார் யார் வந்து இறங்கினார்கள் என்று தெரிய வேண்டுமானால் படகில் இருக்கிற சாமான்களின் பெயரைக் கேட்டாலே போதும்.

மூலத்தமிழ்

எல்லாம் சரி. லத்தீன் லத்தீன் என்று சொல்கிறீர்களே, அதற்கு முன்னால் எங்கே இருந்து வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. தமிழில் 'பொறு' என்றால் தாங்கு, சும. பொறுத்தல், பொறுப்பு, பொறுப்பவன். பொறுத்து என்பதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், போர்ட். பொறுத்தர் தான் போர்ட்டர். அழகன்குளத்தில் ரோமானியக் காசு கிடைத்திருக்கிறது, ஓட்டில் கீறின கப்பல் படமே கிடைத்திருக்கிறது. அங்கே சரக்கு இறக்க வந்தவன் நம் ஆள் சுமையைப் பொறுப்பதைப் பார்த்துச் சொல்லைக் கொண்டுபோயிருப்பான். படகுதான் போட். இதை எந்த டீச்சரும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்.

வடகடல்

அண்ணே அப்படியானால் பரோட்டாவும் போர்ட்தானா? தட்டில் தூக்கிக்கொண்டுதானே வருகிறார்கள்.

ராம்நாடு டீச்சர்

வடகடல், கிண்டல் வேண்டாம், மூலத்தமிழ் ஐயா சொன்னதில் பதில் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது.

அழகன்குளம் உண்மை. வைகை கடலில் சேர்கிற இடத்தில் அந்த ஊர், அகழாய்வில் ரோமானியக் காசுகளும் மேற்கிலிருந்து வந்த மதுச்சாடித் துண்டுகளும் கப்பல் கீறின ஓடும் கிடைத்தது உண்மை. மேற்கத்திய வணிகர்கள் இந்தக் கடற்கரையைத் தொட்டார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் சொல் போனதா என்பது தனிக் கேள்வி. அதற்கு ஓசை ஒன்றுபோல் இருந்தால் போதாது.

ஏன் போதாது என்று சொல்கிறேன். இங்கிலீஷில் ஃபோர்ட் என்று ஒரு சொல் உண்டு, கோட்டை அல்ல, ஆற்றில் நடந்து கடக்கிற ஆழமில்லாத இடம். ஆக்ஸ்ஃபோர்ட் என்றால் மாடுகள் ஆற்றைக் கடந்த துறை. ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட், ஃபிராங்க் மக்கள் கடந்த துறை. இந்த ஃபோர்டும் லத்தீன் போர்த்துஸும் ஒட்டிப் பிறந்த சகோதரர்கள், ஒரே பழஞ்சொல்லின் இரண்டு வாரிசுகள். ப எங்கே ஃப எங்கே என்று கேட்பீர்கள். லத்தீனில் ப வருகிற இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ஃப வரும், ஒரு சொல்லில் இரண்டு சொல்லில் அல்ல, வரிசையாக வரும். லத்தீனில் அப்பா பாத்தெர், இங்கிலீஷில் ஃபாதர். லத்தீனில் மீன் பிஸ்கிஸ், இங்கிலீஷில் ஃபிஷ். கால் என்பதற்கு லத்தீன் அடிச்சொல் பெத், இங்கிலீஷ் ஃபுட், சமஸ்கிருதத்தில் பாதம். அந்த வரிசையில்தான் போர்த்துஸ், ஃபோர்ட். நார்வேயின் ஃபியோர்ட் என்கிற கடற்கழியும், நாம் ஏறுகிற ஃபெர்ரியும், பஸ்ஸில் கொடுக்கிற ஃபேரும் இதே வீடு. வேல்ஸ் மொழியில் ஆற்றுத்துறைக்கு ரீட் என்று பெயர், கெல்ட்டிக் மொழிகளில் பழைய ப அப்படியே விழுந்துவிடும் என்பதால் முன்னெழுத்தே காணாமல் போய்விட்டது. காதுக்கு ரீட்டும் போர்ட்டும் ஒட்டவே ஒட்டாது, ஆனால் உறவு. பொறுத்தும் போர்ட்டும் காதுக்கு ஒட்டுகிறது, உறவு இல்லை. உறவைக் காட்டுவது ஓசை மாறுகிற ஒழுங்கு, சாயல் அல்ல.

அப்புறம், அழகன்குளத்தில் வந்து இறங்கினவன் சொல்லைக் கொண்டுபோனான் என்றால், வேல்ஸிலும் நார்வேயிலும் ஈரானிலும் அதே சொல்லின் வாரிசுகள் அந்தந்த மொழியின் ஒழுங்கோடு முன்பே எப்படி இருந்தன? கடன் வாங்கின சொல் அப்படிப் பரவாது.

தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போன சொற்கள் நிஜமாகவே இருக்கின்றன, அவற்றுக்கு ஆதாரமும் இருக்கிறது. கட்டுமரம் கேட்டமரன் ஆனது, இந்தக் கடற்கரைக்கு வந்த ஐரோப்பியர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே கட்டுமரத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். சுருட்டு செரூட் ஆனது. மிளகுத்தண்ணி முள்ளிகடானி ஆனது. அவ்வளவு உறுதியான சொத்து கையில் இருக்கும்போது, பத்திரம் இல்லாத நிலத்துக்குச் சண்டை போடத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஐயாவுக்கு ஒரு ஆறுதல், நாம் தினமும் பேசுகிற தமிழில் போர்ட்டின் உறவினர்கள் இருக்கிறார்கள், சமஸ்கிருதம் வழியாக வந்தவர்கள். அதே 'பெர்' வேர் அங்கே பாரம் என்று ஆனது, சுமை என்ற பாரம் வேறு, இது அக்கரை என்ற பாரம். அ-பாரம் என்றால் அக்கரையே இல்லாதது, எல்லையில்லாதது. கிரிக்கெட் வர்ணனையில் 'அபாரமான ஆட்டம்' என்கிறார்களே, அங்கே ஸ்போர்ட்டும் அபாரமும் தூரத்துச் சொந்தம். பாராயணம் என்றால் அக்கரை வரை போவது, ஒரு நூலைத் தொடங்கி விடாமல் முடிவு வரை ஓதுவது.

டிரான்ஸ்போர்ட்டில் இருக்கிற டிரான்ஸுக்கும் ராமேஸ்வரத்தில் சொந்தம் உண்டு. டிரான்ஸ் என்றால் குறுக்கே, அப்பால், அதன் வேரும் கடப்பதுதான், 'பெர்' அல்ல, இன்னொரு வேர். சமஸ்கிருதத்தில் அது 'தர', அதிலிருந்து தீர்த்தம், முதலில் ஆற்றைக் கடக்கிற துறை, பிறகு நீராடுகிற புண்ணியத்துறை, பிறகு அந்தத் தண்ணீரே தீர்த்தம். ராமநாதசுவாமி கோயிலுக்குள் 22 தீர்த்தம் என்று வாளி வாளியாக ஊற்றுகிறார்களே, அது டிரான்ஸின் உறவு. கீழே இறங்கி வருவது என்ற பொருளில் அவதாரமும் அதே வேர். ஆக டிரான்ஸ்போர்ட் என்ற ஒரே சொல்லில் கடப்பதற்கான இரண்டு பழைய வேர்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் அந்த ஸ்பெல்லிங்கைத் தப்பாக எழுதவே மாட்டார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

வடகடல்

டீச்சர், ஈரான் என்றதும் ஒன்று கேட்க வேண்டும். பாம்பனில் வடநாட்டு யாத்திரிகர்கள் வேனை நிறுத்தி 'பாம்பன் புல் எங்கே, புல் எங்கே' என்று கேட்பார்கள். எங்கள் ஆட்டோக்காரர் ஒருவர் ஆட்டுக்குப் புல் தேடுகிறார்கள் என்று நினைத்து எதிர்ப்பக்கம் கை காட்டிவிட்டார். அந்தப் புல் எந்த மொழி?

ராம்நாடு டீச்சர்

அருமையான கேள்வி, அதுவும் இதே குடும்பம்தான் தம்பி. இந்திக்குப் பாரசீகத்திலிருந்து போன சொல். ஈரானின் மிகப் பழைய அவெஸ்தா மொழியில் பெரெது என்றால் பாலம், கடக்கிற இடம். இறந்தவர்களின் ஆன்மா கடக்க வேண்டிய பாலத்துக்குச் சின்வத் பெரெது என்று அவர்கள் சமயத்தில் பெயர். அதே பழைய ஈரானியச் சொல் தேய்ந்து தேய்ந்து பாரசீகத்தில் புல் ஆகிவிட்டது. லத்தீன் போர்த்துஸ், இங்கிலீஷ் ஃபோர்ட், பாரசீகப் புல், மூன்றும் ஒரே பழஞ்சொல்லின் பிள்ளைகள். ஆகப் பாம்பன் போர்ட்டும் பாம்பன் புல்லும், ஒன்றின் கீழ் இன்னொன்று போகிறது, இரண்டும் சகோதரர்கள்.

கீழக்கரை காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வளைகுடா போகிறவர்களுக்கு டிக்கெட், விசா பார்த்துக் கொடுக்கிற வேலை, அதனால் பாஸ்போர்ட் பற்றி நான்தான் சொல்ல வேண்டும்.

அது பிரெஞ்சுச் சொல், பாஸ் என்றால் கடந்து போ, போர்ட் என்றால் துறை. துறையைக் கடந்து போக அனுமதிச் சீட்டு. சிலர் அது துறைமுகம் இல்லை, நகர வாசலைக் கடக்கிற சீட்டு என்பார்கள். டீச்சர் சொன்ன கணக்குப்படி வாசலும் துறையும் ஒரே வீடு என்பதால் எனக்கு அதில் வழக்கு இல்லை. கடவுச்சீட்டு என்ற தமிழ்ப் பெயரை யார் வைத்தாரோ, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி வைத்துவிட்டார்.

இன்னொரு சொல்லை யாரும் சொல்லவில்லை, ஆப்பர்ச்சூனிட்டி. அதற்குள்ளும் போர்ட் இருக்கிறது, சத்தத்தில் மறைந்துவிட்டது. லத்தீனில் ஓப் போர்த்தும், துறையை நோக்கி. பாய்மரக் கப்பலைத் துறைப் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிற காற்றுக்கு ஒப்போர்த்தூனுஸ் என்று பெயர். அது நல்ல காற்று, அதுதான் வாய்ப்பு. எதிர்ச்சொல் இம்போர்த்தூனுஸ், ஒதுங்கத் துறை இல்லாதது, தோதில்லாதது, அதிலிருந்து இங்கிலீஷில் இம்போர்ட்டியூன், ஓயாமல் நச்சரிப்பது. இதை ஆபீஸில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு விளக்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வாடை எப்போது எழும், கச்சான் எப்போது விழும், கொண்டல் வந்தால் எந்தக் கரைக்கு ஒதுங்கலாம் என்பதை வைத்துத்தான் அவர்கள் தோணி இலங்கைக்குப் போய் வந்தது. வடகடல் கொந்தளித்தால் படகைத் தென்கடலுக்குக் கொண்டுபோகிற வழக்கம் பாம்பன், மண்டபத்தில் இன்றைக்கும் இருக்கிறதே. காற்று பார்த்துத் துறை மாறுகிறவனுக்கு ஆப்பர்ச்சூனிட்டி என்றால் என்ன என்று பாடம் எடுக்க முடியாது.

கிரேக்கத்தில் இதே 'பெர்' போரோஸ் ஆனது, வழி, கடக்குமிடம். அதிலிருந்து எம்போரோஸ், பயண வணிகர், அதிலிருந்து எம்போரியன், வணிகத் துறை. மேற்குக் கரையில் இருந்த முசிறியைத் தாலமி என்ற பழைய கிரேக்கப் புவியியலாளர் எம்போரியன் என்றுதான் குறிக்கிறார். நம் டவுன்களில் எம்போரியம் என்று போர்டு மாட்டின ஜவுளிக் கடைக்குள் போனால் அந்தப் பழைய துறையைத்தான் மிதிக்கிறீர்கள். தோலில் இருக்கிற துவாரத்துக்கு இங்கிலீஷில் போர் என்கிறோமே, அதுவும் போரோஸ்தான், வேர்வைக்கு வழி.

தங்கச்சிமடம் மொபைல்ஸ்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. மகள் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள், நடுவில் மூன்று கேள்வி. ஒன்று, மாடி போர்ஷன் வாடகைக்கு என்கிறோமே, அந்தப் போர்ஷன் இதில் சேருமா? இரண்டு, பாம்பன் போர்ட், ராமேஸ்வரம் ஹார்பர் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறோம், ஹார்பர் எங்கிருந்து வந்தது? மூன்று, போர்ச்சுகல்காரர்கள் இந்தக் கரைக்கு வந்தார்களே, அவர்கள் வழியாகப் போர்ட் என்ற சொல் தமிழுக்கு வரவில்லையா?

ராம்நாடு டீச்சர்

போர்ஷன் சேராது. அது பங்கு, பாகம், பார்ட் என்ற சொல்லின் வீடு, பிரபோர்ஷனும் அங்கேதான். போர்ட்ரெய்ட் என்கிற உருவப்படமும் சேராது, அதன் உள்ளே இருப்பது இழுப்பது, வரைவது என்ற வேர், டிராக்டரில் இருப்பது அது. இந்த இரண்டும் ஸ்பெல்லிங்கில் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டவை. மகளின் முதல் சந்தேகம் சரியான சந்தேகம்தான் என்று சொல்லுங்கள், எழுத்து ஒன்றாக இருந்தால் எல்லாம் சொந்தம் ஆகிவிடாது.

போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளிக்கும் கடற்கரைக்கு வந்தார்கள், தமிழுக்கு நிறையக் கொடுத்துவிட்டுப் போனார்கள், ஆனால் போர்ட்டைக் கொடுக்கவில்லை. நமக்குத் துறை என்று நல்ல சொல் ஏற்கெனவே இருந்தது, தேவைப்படவில்லை. வாசல் தொடர்பாக வேறு கொடுத்தார்கள்: சாவி அவர்களுடையது, ஜன்னல் அவர்களுடையது. ஜன்னல் லத்தீனில் வாசலைக் குறிக்கிற இன்னொரு சொல்லான யானுவாவின் பேத்தி, சின்ன வாசல். வாசலுக்குரிய யானுஸ் என்ற தெய்வத்தின் பெயரில் வந்த மாதம் ஜனவரி. இதற்கும் போர்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை, ஜன்னல் என்று வந்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஹார்பரைச் சுக்கான் அண்ணன் சொல்லட்டும்.

சுக்கான்

ஹார்பர் வேறு வீடு, லத்தீனே இல்லை. பழைய ஜெர்மானியச் சொல், ஹெரி என்றால் படை, பெர்க் என்றால் காப்பு. படை தங்குகிற இடம், அப்புறம் வழிப்போக்கர் தங்குகிற சத்திரம், அப்புறம்தான் கப்பல் தங்குகிற இடம். ஜெர்மனில் இன்றைக்கும் ஹெர்பெர்க என்றால் சத்திரம். பிரெஞ்சில் ஓபெர்ஷ் என்று விடுதி வைத்திருக்கிறார்களே, அதுவும் இதே சொல்தான்.

கடலோடிகளின் பேச்சில் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு தம்பி. காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கி நிற்க முடிந்தால் ஹார்பர், அங்கே ஒரு மூட்டைகூட இறங்க வேண்டியதில்லை. சரக்கோ ஆளோ ஏறி இறங்கினால், சுங்கம் பார்க்க ஆள் உட்கார்ந்தால் அது போர்ட். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்கு முன் ரயிலில் இருந்து இறங்கித் தலைமன்னார் ஃபெர்ரியில் ஏறினார்கள், சுங்கமும் அங்கே இருந்தது, அதனால் அது போர்ட். ஆனால் பெரிய காற்று வந்தால் ஒதுங்க அந்த மணல் முனையில் மறைப்பு எதுவும் கிடையாது. புயலுக்கு அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ராமானுஜம் என்ற கப்பல் ஓடினபோது இங்கேயும் போர்ட் வேலை நடந்தது. இப்போது ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் நிற்கிற இடத்தை ஹார்பர் என்கிறோம், மீன்தான் இறங்குகிறது. மகள் பரீட்சையில் இதை எழுதினால் மார்க் கிடைக்குமா என்பதை டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராம்நாடு டீச்சர்

எழுதட்டும். திருத்துகிறவர் கடற்கரைப் பக்கத்து ஆளாக இருந்தால் கிடைக்கும்.